பறக்கும் பயமும் வரிசையில் நிற்கும் பயமும்

ஒரு தாளை எடுத்து நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட வேண்டும். பயணத்தை நினைத்ததும் வயிற்றைப் பிசைகிற ஒவ்வொன்றையும் அதில் எழுத வேண்டும். விமானம் சம்பந்தப்பட்டதெல்லாம் இடப்பக்கம்: ஆட்டம், இனம்புரியாத சத்தம், கதவைச் சாத்தும் கணம், நடுவானில் நெஞ்சு படபடத்தால் இறங்க முடியாதே என்ற தவிப்பு. மனிதர்கள் சம்பந்தப்பட்டதெல்லாம் வலப்பக்கம்: சோதனைச் சாவடியில் பின்னலுக்குள் விரல் விட்டுத் துழாவுவார்களோ, முதல் வகுப்புச் சீட்டைக் காட்டிய பிறகும் ‘இது உங்கள் வரிசைதானா’ என்பார்களோ, ஒரு சந்தேகம் கேட்டாலே சண்டைக்காரி என்று முடிவு கட்டுவார்களோ, எல்லார் முன்னிலும் இறக்கி விடுவார்களோ.

அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் இந்தத் தாளை நிரப்பும்போது வலப்பக்கம் காலியாக இருப்பது அபூர்வம். விமானப் பயத்துக்கான பொதுவான வழிகாட்டிகளிலோ அந்தப் பக்கமே கிடையாது. மூச்சை இழுத்து விடு, புள்ளிவிவரத்தை நினைத்துக்கொள் என்பதோடு அவை நின்றுவிடும். அப்படிப்பட்ட ஆலோசனை இவர்களுக்குப் பாதி மட்டுமே பலிக்கிறது என்றால் அது அந்தப் பெண்களின் குறையல்ல.

இரண்டு பக்கத்துக்கும் வைத்தியம் வேறு. இடப்பக்கம் இருப்பது பொய்யான மணி. தாளிப்புப் புகைக்கே அலறும் தீ எச்சரிக்கைக் கருவி போல, ஆபத்து இல்லாத இடத்தில் உடம்பு மணி அடிக்கிறது. மணி அடிக்கும்போதே அங்கே உட்கார்ந்திருந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று உடம்புக்குக் காட்டினால்தான் அது அடங்கும். வலப்பக்கம் இருப்பது வாழ்ந்து கற்ற எச்சரிக்கை. அதற்கு மூச்சுப் பயிற்சி சொல்வது அவமதிப்பு. அங்கே வேண்டியது முன்னேற்பாடு. இதை மாற்றிச் செய்தால் இரண்டும் கெட்டுப்போகும். வானிலை வரைபடத்தையும் விபத்துச் செய்திகளையும் இரவெல்லாம் பார்த்து விமானத்துக்கு ‘முன்னேற்பாடு’ செய்தால் பயம் வளரும். சோதனைச் சாவடியில் நடந்த அநியாயத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால், அந்தப் படபடப்பு அப்படியே இருக்கை வரை வந்து ‘விமானப் பயம்’ என்ற பெயரில் உட்கார்ந்துகொள்ளும்.

வலப்பக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1954இல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், ஆஸ்திரேலியா போகும் வழியில் ஹொனலூலுவில் அவரைத் திரும்ப ஏறவிடவில்லை. பான் ஆம் நிறுவனத்தின் மீது அவர் வழக்குப் போட்டார். அமெரிக்கத் தென்மாநில விமான நிலையங்கள் சிலவற்றில் 1960களின் தொடக்கம் வரை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் காத்திருக்கும் அறை வேறு, சாப்பிடும் இடம் வேறு. 2016 அக்டோபரில் நடுவானில் ஒரு பயணி மயங்கியபோது உதவ முன்வந்த ஒரு கறுப்பினப் பெண் மருத்துவரை, உண்மையான மருத்துவர்தான் வேண்டும் என்று பணிப்பெண் தடுத்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. பாட்டி சொன்னதும் போன வருடம் செய்தியில் வந்ததும் ஒரே கதையாக இருக்கும்போது, விமான நிலையத்தில் தோள்கள் இறுகுவதை நோய் என்று சொல்ல முடியாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ்-கிஸ்கோம்பே 2010இல், அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சுமக்கும் ‘சூப்பர்வுமன்’ பாரத்தை ஐந்து கூறுகளாக விவரித்தார்: எப்போதும் பலசாலியாகத் தெரிய வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், பிறரைச் சார்ந்து நிற்கக் கூடாது, கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜெயித்தாக வேண்டும், தன்னைவிடப் பிறரைக் கவனிக்க வேண்டும். இப்படி வளர்ந்த பெண், ‘எனக்கு விமானம் என்றால் பயம்’ என்று வாய் திறந்து சொல்வதில்லை. ‘அந்த வாரம் வேலை இருக்கிறது’, ‘காரில் போனால் சாமான் நிறைய எடுத்துக்கொள்ளலாம்’ என்பாள். அந்தச் சாக்குகளுக்குப் பின்னால் பத்து வருடப் பயம் இருக்கக்கூடும். அதை ஒருவரிடமாவது பெயர் சொல்லிச் சொல்வது முதல் வேலை. தங்கை, தோழி, சபையில் கூடப் பாடும் அக்கா, யாராக இருந்தாலும் சரி.

சாவடியைத் தாண்டுவது

முதலில் வலப்பக்கத்தை முடிப்போம். இங்கே துல்லியமான தகவல் நேரடியாகக் கைகொடுக்கும்.

இரு கைகளையும் தூக்கி நிற்கச் சொல்லும் ஸ்கேனர், துணியைத் தாண்டிச் செல்லும் மில்லிமீட்டர் அலைகளை உடம்பின் மீது பாய்ச்சித் திரும்பி வருவதைப் படிக்கிறது. எதிர்பார்த்த உடல் வடிவத்தோடு ஒத்துப்போகாத எதையும் திரையிலிருக்கும் பொம்மை உருவத்தின் மேல் மஞ்சள் கட்டமாகக் காட்டும். அடர்ந்த பின்னல், ட்விஸ்ட், ஆஃப்ரோ, லாக்ஸ் (சடைமுடி), விக் எல்லாமே அதற்கு ‘ஒத்துப்போகாத’ வடிவங்கள். கறுப்பினப் பெண்களின் தலைமுடியில் இந்தக் கருவி அதிகமாகப் பொய்யொலி எழுப்புகிறது என்பதை 2019இல் ஒரு புலனாய்வுச் செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. அதற்கு முன்பே, 2015இல், குடிமை உரிமை அமைப்பு ஒன்றின் புகாருக்குப் பிறகு, போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏ தலைமுடிச் சோதனை குறித்துத் தன் அலுவலர்களுக்கு மறுபயிற்சி தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே கட்டம் தெரிந்தால் நாம் தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. கருவியின் கண் அவ்வளவுதான்.

மிக எளிய தீர்வு டிஎஸ்ஏ ப்ரீசெக் என்ற முன்பதிவு வரிசை. ஐந்து வருடத்துக்குச் சுமார் 80 டாலர். கைரேகை கொடுத்து ஒருமுறை பதிவு செய்தால் போதும். அந்த வரிசையில் பெரும்பாலும் உலோகத்தை மட்டும் கண்டறியும் வாயில்தான் இருக்கும், அது தலைமுடியைப் பொருட்படுத்தாது. செருப்பு, மடிக்கணினி எடுத்து வைக்கும் வேலையும் இல்லை. எப்போதாவது ஸ்கேனருக்கும் அனுப்புவார்கள். ஆனாலும் பயம் உள்ளவர்களுக்கு இந்த 80 டாலர் வேறெந்தச் செலவையும்விட அதிகப் பலன் தருகிறது என்பது எங்கள் கருத்து.

உலோக வாயில் என்பதால் உலோகத்தைக் குறைக்க வேண்டும். லாக்ஸில் கோத்த பித்தளை வளையம், கொண்டை ஊசி, விக்கின் உட்புறச் சீப்புக் கிளிப் ஆகியவற்றைச் சிறு பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனபின் மாட்டிக்கொள்ளலாம். மர மணியும் பிளாஸ்டிக் மணியும் பிரச்சினையில்லை. கிளிசரின் கலந்த சுருள்முடித் தைலமும் கை லோஷனும் சில சமயம் வெடிமருந்துத் தடயம் பார்க்கும் துணிச் சோதனையில் பொய்யொலி எழுப்பும். முந்தின இரவே பூசிக்கொண்டு, காலையில் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்தால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. எட்ஜ் ஜெல், லீவ்-இன் கண்டிஷனர், குழைவான ஷியா வெண்ணெய் எல்லாமே திரவக் கணக்கில் சேரும். ஒவ்வொரு டப்பாவும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் ஒரு லிட்டர் அளவு பைக்குள் அடங்க வேண்டும். பெரிய டப்பாவில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்று சொன்னால் எடுபடாது. டப்பாவின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள்.

புதிதாகப் பின்னல் போடுவதென்றால் பயணத்துக்கு நான்கு நாள் முன்பே போட்டுவிட வேண்டும். இது பலருக்குத் தோன்றாத விஷயம். முந்தின நாள் இழுத்துப் பின்னிய தலை இரண்டு நாளைக்கு வலிக்கும். நெற்றிப் பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கும். கேபினின் உலர்ந்த காற்றும் தூக்கமின்மையும் சேர்ந்தால், ஏற்கெனவே பயந்திருக்கும் மூளை அந்த வலியை ‘ஏதோ ஆகிறது’ என்று வாசித்துவிடும். முடி அலங்காரமும் பயத்தின் கணக்கில் வரும்.

தலைமுடியைத் தொட வேண்டும் என்று அலுவலர் சொன்னால் நான்கு விஷயங்களைக் கேட்க உரிமை உண்டு: பெண் அலுவலர் வேண்டும், கையுறையைப் புதிதாக மாற்றுங்கள், தனி அறையில் செய்யுங்கள், கூட வந்தவர் உடனிருக்கட்டும். இந்த வாக்கியங்களை வீட்டிலேயே கண்ணாடி முன் நாலைந்து முறை சொல்லிப் பழக வேண்டும். பதற்றத்தில் வாக்கியம் தானாக வராது, மனப்பாடம்தான் வரும். குரல் தாழ்ந்தும் மெதுவாகவும் இருக்க வேண்டியிருப்பது அநியாயம். வேறு பயணி சத்தம் போட்டால் ‘பாவம், பதற்றத்தில் இருக்கிறார்’ என்பவர்கள், கறுப்பினப் பெண் சத்தம் போட்டால் மிரட்டல் என்கிறார்கள். அது தெரிந்ததால்தான் இந்த ஒத்திகை.

மருத்துவக் காரணமோ கடும் பதற்றமோ இருந்தால் டிஎஸ்ஏ கேர்ஸ் என்ற உதவிச் சேவை உண்டு. 855-787-2227 என்ற எண்ணில் பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு கூப்பிட்டால், சாவடியில் உதவ ஒருவரை ஏற்பாடு செய்ய முயல்வார்கள். ஏதாவது தவறாக நடந்தால் இடம், நேரம், சாவடி எண், சட்டையில் இருக்கும் பெயர் ஆகியவற்றை வாயிலுக்குப் போய் உட்கார்ந்ததுமே கைப்பேசியில் ஐந்து வரிகளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். புகாரை வீட்டுக்கு வந்து அனுப்பலாம். எழுதி வைத்ததும் ‘இது வலப்பக்கத்து விஷயம், பதிவாகிவிட்டது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது சின்ன வேலைதான். ஆனால் அந்தக் கோபத்தை விமானத்துக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே நிறுத்த அது உதவுகிறது.

இனி விமானம்

தவிர்ப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு பாடகி அரீதா ஃபிராங்க்ளினைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஒரு சிறிய இரட்டை எஞ்சின் விமானம் கடுமையாகக் குலுங்கியது. அதன் பிறகு 2018இல் மறையும் வரை அவர் பறக்கவே இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து பேருந்தில்தான் எல்லாக் கச்சேரிக்கும் போனார். அட்லாண்டிக்கைத் தாண்டிய மேடை எதுவும் அவருக்கு மறுபடி அமையவில்லை. அந்தக் குரலுக்கே இந்த நிலை. நடிகை வூப்பி கோல்ட்பர்க்கும் நெடுங்காலம் பேருந்திலேயே நாட்டைச் சுற்றியவர்தான். விமான நிறுவனம் ஒன்று நடத்திய பயம் நீக்கும் வகுப்பில் சேர்ந்த பிறகு மீண்டும் பறக்கத் தொடங்கினார்.

சாலைதான் பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு 40,000 பேர் அளவில் இறக்கிறார்கள். கறுப்பினக் குடும்பங்களுக்குச் சாலை ஒருநாளும் சாதாரண இடமாக இருந்ததில்லை. எந்த ஊரில் தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று சொல்லும் ‘கிரீன் புக்’ 1936 முதல் முப்பது வருடம் அச்சாக வேண்டியிருந்தது. இரவில் காவல் வண்டியின் விளக்கு பின்னால் சுழலும் பயம் இன்றும் இருக்கிறது. விமானத்தைத் தவிர்ப்பவர் பயத்தைத் தவிர்ப்பதில்லை, வேறு பயத்தை வாங்கிக்கொள்கிறார்.

புள்ளிவிவரம் மட்டும் பயத்தைப் போக்காது. ஆனாலும் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்ஐடி பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட்டின் கணக்குப்படி 2018 முதல் 2022 வரை உலகம் முழுவதும் வணிக விமானம் ஏறிய 1 கோடியே 37 லட்சம் முறைக்கு ஒரு மரணம். 1968–77இல் அது 3,50,000க்கு ஒன்று. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த விமான மோதலில் 67 பேர் இறந்தது பலரின் பழைய பயத்தைக் கிளறிவிட்டது, அதில் வியப்பில்லை. அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றுக்கு அதற்கு முன் நேர்ந்த பெரிய உயிர்ப்பலி விபத்து 2009 பிப்ரவரியில். இடையில் பதினாறு வருடம். அந்தப் பதினாறு வருடமும் ஒரு நாள்கூடச் செய்தியில் வரவில்லை.

எந்தச் சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால் காது வேட்டை நாயாக இருக்க வேண்டியதில்லை. ஏர்பஸ் 320 வகையில் தரையில் நிற்கும்போதே தரைக்கடியிலிருந்து நாய் குரைப்பது அல்லது மரம் அறுப்பது போல ஒரு சத்தம் வரும். அது ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சமன் செய்யும் கருவி. ஓடுபாதையில் வேகமெடுப்பது 30 முதல் 40 வினாடி. அதை எண்ணலாம், எண்ணினால் ஓட்டத்துக்கு ஒரு முடிவு தெரியும். மேலே எழும்பிய சில வினாடிகளில் அடியில் ‘தடால்’ என்று சக்கரம் உள்ளே மடங்கும், அதன் கதவு மூடும். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் எஞ்சின் சத்தம் திடீரெனக் குறையும், வயிறு கீழே போவது போல இருக்கும். பெரும்பாலானோர் உடைந்துபோவது இந்தக் கணத்தில்தான். விமானம் இறங்கவில்லை, ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. சுமார் 1,000–1,500 அடியில் முழுச் சக்தி தேவையில்லை என்பதால் எஞ்சினைத் தணிக்கிறார்கள். ஏறும் வேகம் குறைவதை உட்காது ‘விழுகிறோம்’ என்று தவறாக வாசிக்கிறது. இறங்கிய பின் வரும் பெரும் இரைச்சல், எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பதால் வருவது.

எஞ்சின் ஒன்று நின்றுவிட்டால்? இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை மட்டும் கொண்டு பறக்கவும் இறங்கவும் முடியும் என்று நிரூபித்த பிறகே சான்றிதழ் பெறுகிறது. இரண்டும் நின்றாலும் 35,000 அடியிலிருந்து 150 கிலோமீட்டர் அளவு மிதந்து வர அதனால் முடியும்.

ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் தர வேண்டும், ஏனென்றால் கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். ஆயிரம் அடி விழுந்தோம் என்று சொல்பவர்களின் விமானம் பெரும்பாலும் சில பத்து அடிகளுக்குள்தான் ஏறி இறங்கியிருக்கும். இறக்கை வளைவது உடைவதற்கு அடையாளம் அல்ல, உடையாமல் இருக்கவே அது வளைகிறது. பறப்பில் எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று தரையில் சோதித்திருக்கிறார்கள். ஆட்டத்தில் அடிபடுபவர்களில் பெரும்பாலானோர் இருக்கைப் பட்டை போடாதவர்கள். பட்டையைத் தாழ்வாக, இடுப்பெலும்பின் மேல், இறுக்கமாகப் போட்டுவிட்டால் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. ஒளிபுகும் குப்பியில் பாதித் தண்ணீர் வைத்துத் தட்டின் மேல் நிறுத்தி, குலுங்கும்போது அந்த நீர்மட்டத்தைப் பார்க்கலாம். உடம்பு ‘கவிழ்கிறோம்’ என்று கத்தும்போது தண்ணீர் கொஞ்சம்தான் அசைந்திருக்கும். கண் பார்த்ததை உடம்பு நம்பத் தொடங்கும்.

காலை முதல் விமானத்தில் ஆட்டம் பொதுவாகக் குறைவு, வெயில் தரையைச் சுடவைத்துக் காற்றை எழுப்புவதற்கு முன்பே பறந்துவிடுவதால். இறக்கைக்கு மேல் உள்ள வரிசைகளில் அசைவு குறைவு, கடைசி வரிசைகளில் அதிகம்.

மூச்சும் மருந்தும்

பதறும்போது ‘ஆழமாக மூச்சு விடு’ என்பார்கள். தப்பான யோசனை. பெரிய மூச்சாக இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரத்து, தலை சுற்றும். அது மாரடைப்பு என்ற பயத்தைக் கிளப்பும். சாதாரண அளவு மூச்சை மூக்கால் நான்கு எண்ணிக்கைக்கு இழுத்து, சூடான காப்பியை ஊதுவது போல உதட்டைக் குவித்து ஆறு எண்ணிக்கைக்கு விட வேண்டும். பத்துச் சுற்று, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பீதித் தாக்குதல் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானே இறங்கும். அதைத் துரத்த வேண்டாம், நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இடக்கையால் தன் பெயரை எழுதிப் பார்ப்பது (இடக்கைப் பழக்கம் உள்ளவர் வலக்கையால்) மூளையின் கவனத்தைப் பிடித்து வைக்கும் நல்ல உபாயம்.

மாத்திரை பற்றிக் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு ஆய்வு உண்டு. 1997இல் வில்ஹெல்ம், ராத் என்ற ஆய்வாளர்கள் விமானப் பயமுள்ள 28 பெண்களை ஒரு வார இடைவெளியில் இருமுறை பறக்க வைத்தார்கள். முதல் பறப்பில் சிலருக்குப் பதற்றம் தணிக்கும் அல்ப்ரஸோலாம், சிலருக்குப் போலி மாத்திரை. மாத்திரை போட்டவர்களுக்கு அன்று பயம் குறைவுதான். ஆனால் மாத்திரையே இல்லாத இரண்டாம் பறப்பில் அவர்களில் 71 சதவீதம் பேருக்குப் பீதித் தாக்குதல் வந்தது, போலி மாத்திரை போட்டவர்களுக்கு 29 சதவீதம்தான். மாத்திரை பயத்தோடு சேர்த்துப் பாடத்தையும் மறைத்துவிடுகிறது. ஒரு சாவுக்கோ பிரசவத்துக்கோ உடனே போயாக வேண்டும் என்றால் மருத்துவர் தரும் மாத்திரை தவறில்லை. பயத்தையே போக்க வேண்டும் என்றால் அது குறுக்கே நிற்கும். மது அதைவிட மோசம். போதை இறங்கும்போது படபடப்பு ஏறும், இரண்டும் கலந்தால் மூச்சுக்கே ஆபத்து.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைக் கொண்டுவருவோர் உண்டு. கொண்டுவர வேண்டாம். கேபின் அழுத்தம் 6,000–8,000 அடி மலையில் இருப்பதற்குச் சமம், நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கே எண் 90–95க்கு இறங்கலாம். அதைப் பார்த்தே பீதி வரும். அதோடு, கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிட உயர்த்திக் காட்டும் தவறைச் செய்கிறது. மிஷிகன் மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவைக் கருவி தவறவிட்டது கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பயந்தவருக்குப் பீதியும், உண்மையில் நோயுள்ளவருக்குப் பொய் ஆறுதலும் தரும் கருவியால் என்ன பயன்.

அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது வேறு பேச்சு. அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளில் சுமார் 365 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. குறைந்த ஆக்சிஜனும் நீரிழப்பும் அவர்களுக்கு வலியைத் தூண்டக்கூடும். முன்கூட்டியே ரத்தநோய் மருத்துவரைப் பார்த்து, ஆக்சிஜன் தேவையா என்று கேட்டு, மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர், இடையிடையே நடை, குளிருக்குப் போர்வை என்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இங்கே பயம் பொய் மணி அல்ல. தாளில் இதற்கு மூன்றாவது பத்தி ஒதுக்க வேண்டும்.

படிப்படியாக ஏறுவது

பத்துச் சூழ்நிலைகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்தின் அளவு போட வேண்டும். விமானத்தின் படம் பார்ப்பது 15, புறப்பாட்டுக் காணொளியைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பார்ப்பது 35, விமான நிலையத்துக்குப் போய்ச் சாவடிக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது 45, டிக்கெட் வாங்குவது 60, கதவு சாத்துவது 90 என்று அவரவர்க்கு ஒரு வரிசை அமையும். கீழிருந்து தொடங்கி, தினமும் இருபது முப்பது நிமிடம், எண் பாதியாகும் வரை அதே படியில் நிற்க வேண்டும். பாதியாகும் முன் எழுந்து போனால் தப்பித்ததுதான் மனதில் பதியும். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

முதல் பறப்பு ஒரு மணி நேர அளவில் இருக்கட்டும்: அட்லாண்டாவிலிருந்து சார்லட், ஹூஸ்டனிலிருந்து டாலஸ், சிகாகோவிலிருந்து டெட்ராய்ட். போகும் இடத்தில் கல்யாணமோ வேலை நேர்காணலோ இருக்கக் கூடாது, பறப்பதே அன்றைய வேலை. இரண்டாவது பறப்பு ஒரு மாதத்துக்குள் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பறப்பவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.

பயத்தைக் காப்பாற்றி வைக்கும் சின்னச் சின்னப் பழக்கங்களையும் ஒவ்வொன்றாக விட வேண்டும்: கைப்பிடியை நெரிப்பது, பணிப்பெண் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, ஆட்டத்தை முன்கூட்டிச் சொல்லும் செயலியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பது. ஜெபத்தைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். பயணத்துக்கு முன் சபையில் ‘டிராவலிங் மெர்சீஸ்’ (வழிப்பயணத்தில் கடவுளின் காவல்) கேட்டு ஜெபிக்கச் சொல்வது கறுப்பினத் திருச்சபைகளில் ஆழமான வழக்கம். 91ஆம் சங்கீதம் பலருக்கு மனப்பாடம். அதை விடச் சொல்லவே கூடாது. ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேண்டும். ஜெபித்தபின் மனம் தளர்ந்து கண் மூட முடிகிறதென்றால் அது துணை. ஒரு வரி விட்டுப்போனால் விமானம் விழுந்துவிடும் என்று ஆரம்பத்திலிருந்து மறுபடி சொல்லத் தோன்றினால், ஜெபத்தின் வேடத்தில் பயம் பேசுகிறது.

ஏறும்போது வாசலில் நிற்கும் பணியாளரிடம் இப்படிச் சொல்லலாம்: “எனக்குப் பறக்கப் பயம். பதினான்காம் வரிசையில் இருக்கிறேன். முடிந்தால் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போங்கள்.” வாசலிலேயே சொல்வதுதான் முக்கியம். அப்போது குரல் நிதானமாக இருக்கும். நடுவானில் பீதி வந்தபின் முதன்முதலாகப் பேசினால் குரல் உயரும், அந்த உயர்ந்த குரலைத் தவறாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உயரும். முன்பே அறிந்தவர் அதைப் பயம் என்றே புரிந்துகொள்வார். சாட்டின் குல்லாவோ பட்டுத் துணியோ தலைக்குக் கட்டிக்கொண்டால் இருக்கைத் துணி முடியை உலர்த்தாது, தூக்கமும் வரும்.

தனியாக முடியாதென்றால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (சிபிடி), பயத்தை நேருக்கு நேர் சந்திக்க வைக்கும் முறை தெரிந்தவரைத் தேட வேண்டும். ‘எத்தனை விமானப் பயக்காரர்களைப் பார்த்திருக்கிறீர்கள்? கூடவே விமான நிலையம் வருவீர்களா? இனப்பாகுபாட்டு அனுபவத்தைச் சொன்னால் அதை என் கற்பனை என்பீர்களா?’ என்று முதல் தொலைபேசியிலேயே கேட்கலாம். கறுப்பினப் பெண் சிகிச்சையாளர்களைக் கண்டுபிடிக்க, ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014இல் தொடங்கிய ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’ அடைவு பயன்படுகிறது. கென்ட் மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் ஏஞ்சலா நீல்-பார்னெட், கறுப்பினப் பெண்களின் பதற்றத்துக்குச் ‘சிஸ்டர் சர்க்கிள்’ என்ற சிறு குழு முறையைப் பயன்படுத்தியவர். ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பலசாலி வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசும் இடம். விமானப் பயத்துக்கும் அது நன்றாகவே பொருந்தும்.

காக்பிட்டில் தன்னைப் போன்ற முகம் இருப்பது சிலருக்குப் பெரிய ஆறுதல். அமெரிக்க விமானிகளில் கறுப்பினப் பெண்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிலர் சேர்ந்து நடத்தும் ‘சிஸ்டர்ஸ் ஆஃப் தி ஸ்கைஸ்’ அமைப்பு இளம்பெண்களுக்கு விமானப் பயிற்சி உதவித்தொகை தருகிறது. டெக்சாஸ் குத்தகை விவசாயி மகள் பெஸ்ஸி கோல்மன், சொந்த நாட்டில் யாரும் கற்றுத்தர முன்வராததால் பிரெஞ்சு படித்துப் பிரான்சுக்குப் போய் 1921 ஜூன் 15 அன்று உரிமம் வாங்கினார். கறுப்பின விண்வெளி வீராங்கனை மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்குப் போனபோது கோல்மனின் படத்தைக் கூடவே கொண்டுபோனார்.

இறங்கிய அன்றே, தூங்கப் போகும் முன், அந்தத் தாளை மறுபடி எடுக்க வேண்டும். இடப்பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு எண்: என்ன நடக்கும் என்று நினைத்த அளவு, நடந்த அளவு. வலப்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு. புகார் அனுப்ப வேண்டியது இருந்தால் அந்த வாரத்துக்குள் அனுப்பிவிட்டு, திரும்பும் டிக்கெட்டின் தேதியைத் தாளின் மேலே எழுதி வைக்க வேண்டும்.